ஒரு சைஸ் பெரிய வயலின்

வேலூர் மழைக்குச் சொல்லிவிட்டு வரும் நல்ல பழக்கம் கிடையாது. கோட்டைப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே லாங் பஜாரில் கொட்ட ஆரம்பித்துவிடும். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். தீபலட்சுமி துப்பட்டாவைத் தன் தலையில் போடாமல் வயலின் பெட்டியின்மேல் போட்டு, அதை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். தான் நனைந்தால் தலை துவட்டிக்கொள்ளலாம், வயலின் நனைந்தால்...? இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு மரப்பெட்டியின்மேல் இத்தனை பாசம் ஆகாது என்று குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் அவள் வீட்டில் ஒரு கருத்து உண்டு.

ஓடிப்போய் நின்ற இடம் முனவ்வர் பேகத்தின் இசைக்கருவிக் கடை. பழகியவர்களுக்கு அவள் 'ஆபா', அதாவது அக்கா. கல்யாண பேண்டு செட்டுக்கு டிரம்பெட், பள்ளிக்கூடத்துக்கு ஹார்மோனியம், கோயிலுக்கு மின்சார மேளம்... எல்லாம் அங்கே கிடைக்கும். தீபாவுக்கு வேண்டியது ஒரே ஒரு தந்தி. காலையில் காட்பாடியில் பாடம் சொல்லும்போது அறுந்துவிட்டது.

கல்லாவுக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். நீலச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, கழுத்தில் மாலையைப் போல ஓர் அளவு டேப். கையில் ஒரு பட்டியல். அதைப் பரீட்சைத் தாளைப் படிப்பதுபோல் அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வயசுப் பொண்ணு. கை நீளம் ஐம்பத்தோரு சென்டிமீட்டர். சார்ட்படி அரை சைஸ் வருது. அப்போ... முக்கால் சைஸ் எழுதிக்கோங்க ஆபா. அடுத்தது ஆறு வயசு. கால் சைஸ் வருது. அரை எழுதிக்கோங்க. பன்னெண்டு பேருக்கும் இப்படியே ஒரு சைஸ் பெருசா போட்டுடுங்க."

தீபாவின் கை தலை துவட்டுவதை நிறுத்திவிட்டது. தனக்கு இதில் என்ன வந்தது என்று மனசு சொன்னது. வாய் கேட்டால்தானே...

"ஒரு நிமிஷம்ங்க... சார்ட்ல அரைன்னு இருந்தா அரைதானே வாங்கணும்?"

அவன் திரும்பினான். நிதானமான கண்கள். எதைப் பார்த்தாலும் அதன் நீள அகலத்தைக் குறித்துக்கொள்கிற கண்கள்.

"வளர்ற புள்ளைங்கங்க. இன்னைய அளவுக்கு வாங்கினா அடுத்த வருஷம் பத்தாது. கட்டை விரல் அகலத்துக்காவது எடம் விடணும்."

"எதுல? வயலின்லயா?"

"எதுலயும்தான்."

தீபாவால் அடக்க முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். "அய்யோ... இது இன்னா ஷூவா?"

அவன் முகம் சட்டென்று மாறியது. அவள் சும்மா கேட்டாள். ஆனால் யாரிடம் கேட்டாள் என்பதுதான் சிக்கல். பரணிதரனுக்கு ஷூதான் சோறு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவன் பேட்டர்ன் மாஸ்டர். தோலை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுப்பவன்.

"ஷூன்னா அவ்ளோ இளக்காரமா போச்சா? நாங்க வெட்டித் தர்ற அளவுல தச்ச ஷூவைத்தான் ஜெர்மனில பசங்க போட்டுக்கினு ஸ்கூலுக்குப் போறாங்க. ஒரு மில்லிமீட்டர் தப்பினா மொத்த கன்டெய்னரும் திரும்பி வரும். பன்னெண்டு வருஷமா இந்தக் கையில அளவு தப்பினதில்லை!"

"நீங்க அளந்தது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. வாங்கறதுதான் தப்பு. பெரிய வயலினைக் குடுத்தா விரல் எட்டாது, தோள் வலிக்கும். ரெண்டே மாசத்துல அது கட்டிலுக்கடியில போய்டும்."

"நீங்க வயலின் டீச்சரா?"

"ஆமா."

"எங்க கம்பெனிக்கும் ஒரு டீச்சர் வர்றாங்க. அவங்களாவது முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட வம்பு வளர்க்காதவங்களா இருக்கணும்."

"பாவம் அந்த டீச்சர்!"

முனவ்வர் பேகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்பது வருடக் கடையில் எத்தனையோ சத்தம் கேட்டவள். "தம்பி, பேஜார் பண்ணாம புக்கு எதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் கண்ணாடி அலமாரியில் இருந்ததிலேயே தடியான புத்தகத்தைக் காட்டினான். அட்டையில் தங்க எழுத்து மின்னியது.

"அது கீர்த்தனை புக்கு தம்பி. நாலஞ்சு வருஷம் கத்துக்கினவங்க வாங்குவாங்க."

"நாலஞ்சு வருஷம் கழிச்சி உதவும் இல்ல? பன்னெண்டு குடுங்க."

புத்தகத்திலும் ஒரு சைஸ் பெரிது...! தீபா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கண்கள் கோபத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதானதை அவனும் கவனித்தான். அளவெடுத்துப் பழகிய கண்ணுக்கு இந்த மாதிரி விஷயங்கள் தப்பாது. மழை விடும் முன்பே ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

திங்கட்கிழமை மதியம் ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த தீபாவுக்கு ஒரே படபடப்பு. இதுவரை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது முதல் நிலையான வேலை. ஒரு ஷூ கம்பெனி தன் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு வயலின் வகுப்பு தொடங்குகிறது. வயலினைக் கையால் தொட்டே பார்க்காத பிள்ளைகள். அவர்களுக்கு முதல் ஸ்வரம் தன் கையால்... நினைத்தாலே இனித்தது. நடுநடுவே அந்த நீலச் சட்டையும் நினைவுக்கு வந்தது. சே, அந்தக் கம்பெனியாக இருக்காது. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கா பஞ்சம்?

பஞ்சம் இல்லைதான். ஆனால் விதி அதைப் பார்ப்பதில்லையே.

"இவர் பரணிதரன். பேட்டர்ன் ரூம். நம்ம வெல்ஃபேர் கமிட்டிக்கு செகரட்டரி. வயலின், புக்கு எல்லாம் இவர்தான் வாங்கினது" என்று அறிமுகம் செய்தார் நலத்துறை அதிகாரி சீனிவாசன். "டீச்சர் வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"பாவம் அந்த டீச்சர்..." என்றான் பரணி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. தீபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, கோபத்தை அடக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை.

கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்துக் கூடத்தில் பாய் விரித்து, பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு பெட்டிகளோடு தயாராக இருந்தார்கள். முதல் வரிசையில் இரட்டைச் சடையோடு சௌமியா. எட்டு வயது. தையல் பிரிவில் வேலை செய்யும் சாவித்திரியின் மகள். சாவித்திரி பரணியின் அக்கா.

"வாம்மா, கையை நீட்டு. மிஸ் அளவு பாக்கறேன்."

வயலினைச் சௌமியாவின் கழுத்தோரம் வைத்து இடக்கையை நீட்டச் சொன்னாள் தீபா. வயலினின் தலை உள்ளங்கையில் வந்து உட்கார வேண்டும். அதுவோ விரல் நுனியையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. சரி, கீழே உட்கார்ந்து வாசிக்கிறபடி பிடித்துப் பார்க்கலாம் என்று, வயலினின் தலையைச் சௌமியாவின் கணுக்கால்மேல் வைத்துப் பார்த்தாள். கணுக்காலைத் தாண்டிப் பாயில் போய் முட்டியது. பின்வரிசையில் காஷிஃப் என்ற பையன் கிளுக்கென்று சிரித்தான்.

"வலிக்குதாம்மா?"

சௌமியா வாசலில் நின்ற மாமாவை ஒருமுறை பார்த்தாள். "இல்ல மிஸ். கரெக்டா இருக்குது. எங்க மாமா வாங்கினது" என்றாள். தோள் காதுவரை ஏறியிருந்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது.

தீபா வயலினை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். அன்றைய பாடத்தை வாய்ப்பாட்டாகவே முடித்துவிட்டு, பிள்ளைகள் போனதும் நேராக அவனிடம் வந்தாள்.

"பாத்தீங்கல்ல? அடுத்த வாரம் விஜயதசமி. அன்னைக்குப் புள்ளைங்க முதல் தடவையா வில்லு புடிக்கணும். பேகம் அம்மா கடையில ஒரு வாரத்துக்குள்ள மாத்தித் தருவாங்க. இந்த வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது."

"கமிட்டி வாங்கினது டீச்சர். மாத்தணும்னா காரணம் எழுதி ஜி.எம். கையெழுத்து வாங்கணும்."

"வாங்குங்க."

"முடியாது."

"ஏன்?"

அவன் டேப்பைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். "அடுத்த வருஷம் எல்லாம் சரியா போய்டும்" என்றான் கடைசியில்.

"அடுத்த வருஷம் இந்தப் புள்ளைங்க யாரும் வயலின் பக்கமே வராது! புள்ளைக்கு வலிக்கிற வயலின்ல நான் பாடம் சொல்லமாட்டேன். வியாழக்கிழமைக்குள்ள மாத்தலைன்னா வேற டீச்சர் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் நிலையான வேலை... முதல் நாளே வாயால் கெடுத்துக்கொண்டாயே தீபா!

செவ்வாய்க்கிழமையும் வாய்ப்பாட்டு வகுப்புக்கு வந்தவளை டீ இடைவேளையில் சாவித்திரி தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காத டீச்சர். அவன் மோசமானவன் இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை பேட்டர்ன் ரூமுக்கு ஹெட் யாருன்னு முடிவு பண்றாங்க. பன்னெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கினு இருக்கான். வியாழக்கிழமை 'அளவு தப்பா வாங்கிட்டேன்'னு எழுதிக் குடுத்துட்டு வெள்ளிக்கிழமை அந்த ரூமுக்குள்ள எப்படிப் போவான்? நீயே சொல்லு."

தீபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. திமிர் என்று நினைத்தாளே... அது திமிர் மட்டும் இல்லை. பயமும்கூட. புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் பேட்டர்ன் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே மேசை நிறைய வெட்டி வைத்த அட்டை மாதிரிகள். நடுவில் அவன் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு மென்மையாகப் பென்சில் பிடிக்கும் ஆணை அவள் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை விஷயம் எனக்குத் தெரியாதுங்க. லெட்டரெல்லாம் வேணாம். நானே பேகம் அம்மாகிட்ட கெஞ்சிப் பாக்கறேன்..."

கோடு நின்றது. "அக்கா சொல்லிச்சா?"

"ம்..."

"எனக்காக நீங்க யார்கிட்டயும் போய்க் கெஞ்ச வேணாம் டீச்சர்."

குரலில் இருந்த வெடுக்குத்தனம் அவளைச் சுட்டது. உதவ வந்தவளிடம் இப்படியா? இனி இந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசினால் என் பெயர் தீபலட்சுமி இல்லை... என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டு போனாள். அவள் சபதங்கள் பொதுவாக ஒரு நாள் தாங்கும்.

அன்று மாலை பரணி அக்கா வீட்டுக்குப் போனான். பின்பக்கம் துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் சௌமியா இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு...

"ஏய்! இன்னாடி பண்ற? இறங்கு!"

"இருபது எண்ணணும் மாமா. பதினாலு... பதினஞ்சு..."

"எதுக்கு?"

"கை நீளமாவறதுக்கு. மிஸ் வயலின் பெருசுன்னு சொன்னாங்க இல்ல? என் கை வளந்துட்டா நீ வாங்கினது கரெக்ட் ஆயிடும். விஜயதசமிக்குள்ள வளந்துடும் மாமா."

பரணி அவளைத் தூக்கி இறக்கினான். இரண்டு உள்ளங்கையிலும் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்தக் கைகளை அப்படியே தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். ஒரு காலணி காலைக் கடித்தால் காலணியைத்தான் மாற்ற வேண்டும், காலை அல்ல. தன் தொழிலில் இது முதல் பாடம். அதை ஒரு குழந்தை கம்பியில் தொங்கியா தனக்கு நினைவுபடுத்த வேண்டும்? வெட்கமாக இருந்தது. சத்தியமாக அழுகை வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் தீபாவின் போன் அடித்தது.

"டீச்சர்... நான் பரணிதரன். எங்க இருக்கீங்க?"

பேசமாட்டேன் என்று சபதம் போட்டவள் இரண்டாவது நொடியே பேசினாள். "காட்பாடில."

"ஆபா கடைக்கு வர முடியுமா? வயலினெல்லாம் வேன்ல எடுத்தாந்துட்டேன். காலாண்டுப் பரீட்சை மதியத்தோட முடிஞ்சுது, புள்ளைங்களும் வந்துடுச்சு." பிறகு குரல் தணிந்தது. "அளவு நீங்கதான் சொல்லணும்."

அவள் வந்தபோது கடையே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. ஆறு பேர் ஒரே டிரம்மைத் தட்டினார்கள். முனவ்வர் பேகம் ஒரு காகிதத்தை அவள் கையில் கொடுத்தாள். "இத்தனை வருஷத்துல எவனும் இப்படி எழுதிக் குடுத்து நான் பாத்ததில்லம்மா. நீயே படி."

கம்பெனித் தாளில் அச்சடித்த கடிதம். கீழே ஜி.எம். கையெழுத்து, முத்திரை.

'குழந்தைகளின் கை அளவுகள் சரியாகவே எடுக்கப்பட்டன. காலணிக்கு விடுவதுபோல் வளர்ச்சிக்கு இடம் விட்டு, எல்லாவற்றையும் ஒரு அளவு பெரிதாக வாங்கியது என் முடிவு. அது தவறு. வயலின் ஆசிரியை முதலிலேயே எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. இதில் கடைக்கோ கமிட்டிக்கோ எந்தப் பொறுப்பும் இல்லை. – பரணிதரன்.'

தீபா இரண்டு முறை படித்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை... தெரிந்தேதான் இன்றைக்கு எழுதியிருக்கிறான். சாக்குப்போக்கு ஒரு வரி இல்லை. எழுத்துகள் லேசாகக் கலங்கின. மழையில் நனைந்து வந்ததால் அல்ல, அன்றைக்கு வெளியே நல்ல வெயில். இந்த மனிதனைத் தனக்குப் பிடித்துவிட்டது என்று அந்தக் கூச்சலுக்கு நடுவே நின்று அவள் தெரிந்துகொண்டாள். கடிதத்தை மடித்து பேகத்திடம் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்க மனசே வரவில்லை.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்?" என்றான் அவன், கண்ணைப் பார்க்காமல்.

ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கை நீட்ட, தீபா வைத்துப் பார்த்தாள். தந்தியை இறுக்கும் முறுக்காணிகளைத் திருகினாள். வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்தாள். கோணலாக இருந்த நான்கைந்து வில்களை ஒதுக்கினாள். பரணி சும்மா நிற்கவில்லை. ஒரு வயலினை வாங்கி அதன் ஓரமெல்லாம் கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இங்க ஒட்டு விட்டிருக்குது."

தீபா பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. விரலால் தட்டினால் மட்டும் லேசாகச் சலசலத்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நானே விட்டிருப்பேன்."

"ஷூ மாதிரிதான்..." என்று தொடங்கியவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க, சொல்லுங்க. இன்னைக்கு சிரிக்கமாட்டேன்."

"சோல் ஒட்டினதைத் தினமும் இப்படித்தான் தடவிப் பாப்போம்" என்றான் கூச்சத்தோடு. தீபா சிரிக்கவில்லைதான். ஆனால் அவள் கண்கள் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை.

கடைசியில் காஷிஃப் வந்தான். ஒன்பது வயது, ஒல்லிப் பையன். தீபா பார்த்தவுடனே அரை சைஸை எடுத்தாள்.

"முக்கால்" என்றான் பரணி.

"மறுபடியுமா? வளர்றதுக்கு எடம் விடறீங்களா?"

"இல்ல டீச்சர். கை ஐம்பத்தாறு சென்டிமீட்டர். இது இன்னைய அளவு."

"ஒன்பது வயசுக்கு அவ்ளோ இருக்காதுங்க. என் கண்ணு தப்பாது."

"பன்னெண்டு வருஷமா நானும் இதேதான் சொல்லிக்கினு இருந்தேன்..."

முனவ்வர் பேகம் தலையில் அடித்துக்கொண்டு ஒரு முக்கால் சைஸை எடுத்து நீட்டினாள். காஷிஃப் கையை நீட்டினான். மற்றப் பிள்ளைகளின் கை எல்லாம் முடிந்த இடத்தில் அவன் கை முடியவில்லை, போய்க்கொண்டே இருந்தது. வயலினின் தலை உள்ளங்கையில் அச்சாக வந்து உட்கார்ந்தது.

பன்னிரண்டு பிள்ளைகளும் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

"சரி..." என்றாள் தீபா. காது மடல் சூடானது. "நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

"ஆபா, இதையும் ஒரு லெட்டரா எழுதி வாங்கிக்கோங்க!" என்றான் பரணி. அன்றுதான் அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தாள். வலது கன்னத்தில் குழி விழுந்தது. இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தான்...?

புத்தகத்தையும் மாற்றினார்கள். தங்க எழுத்துத் தடியன் திரும்ப அலமாரிக்குப் போனது. தீபா எடுத்தது மெல்லிய புத்தகம். பக்கத்துக்கு நாலே வரி, கொட்டை எழுத்து, தரையில் விரித்து வைத்தால் குனியாமல் படிக்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத காஷிஃபுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஆங்கில எழுத்தில் ஸ்வரம் போட்டது. "இதுல பாட்டே இல்லையே மிஸ்?" என்று சௌமியா கேட்டாள். "பாட்டுக்குப் போற வழி இருக்குது" என்றாள் தீபா. பரணி அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, முதல் வரியை மனசுக்குள் எழுத்துக்கூட்டிப் பார்த்தான்.

விஜயதசமி அன்று கம்பெனிக்கு விடுமுறை. ஆனால் காப்பகத்துக் கூடம் மட்டும் கலகலத்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றும் மாவிலையும் தையல் மெஷின்கள் பக்கம் வாடாமல் இருந்தன. வெளியே பூத்தூறல். பட்டுப்பாவாடையில் சௌமியா. அத்தர் மணக்கும் ஜிப்பாவில் காஷிஃப். பெற்றோர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

"வில்லை தந்தி மேல வைங்க. பயப்படாதீங்க. மெதுவா... இழுங்க."

பன்னிரண்டு வில்களும் நகர்ந்தன. சத்தியமாகச் சொன்னால் அது சங்கீதம் இல்லை. பன்னிரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்த சத்தம். ஆனால் ஒரு தோளும் காதுவரை ஏறவில்லை. மூன்றாவது இழுப்பில் சௌமியாவின் வயலினிலிருந்து தெளிவாக ஒரு 'ச' எழுந்தது. அவள் திடுக்கிட்டு வயலினைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள், பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பரணி சட்டென்று திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்த சாவித்திரி தீபாவின் பக்கத்தில் நின்றாள். "புள்ளைங்க சந்தோஷத்தைப் பாத்தா அவன் போஸ்ட்டு போனதுகூடப் பெருசா தெரியல டீச்சர்."

"எந்த போஸ்ட்டு?"

"அய்யய்யோ... உன்கிட்ட சொல்லலையா? வெள்ளிக்கிழமை அந்த லெட்டரைத்தான் முதல்ல கேட்டாங்களாம். ஹெட் போஸ்ட்டு ஆறு மாசம் கழிச்சிப் பாக்கலாம்னு தள்ளிப் போட்டாங்க."

தீபாவின் கையில் சுண்டல் அப்படியே இருந்தது. ஒரு வாரமாக அவனோடு தினமும் பேசுகிறாள். வில்லில் தேய்க்கும் ரோசின் எங்கே வாங்குவது, பாய் போதுமா, காஷிஃப் ஏன் இடது பக்கமாகவே சாய்கிறான்... எல்லாம் பேசினான். இதை மட்டும் சொல்லவில்லை.

பிள்ளைகள் போனதும் பாய் சுருட்டிக்கொண்டிருந்தவன் எதிரில் போய் நின்றாள்.

"ஆறு மாசம் தள்ளிப் போட்டதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

பரணி பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அக்காவுக்கு வாய் கம்மின்னு யாரும் சொல்ல முடியாது..."

"பேச்சை மாத்தாதீங்க. ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க பாவப்படுவீங்க டீச்சர். உங்களாலதான் போச்சுன்னு நினைப்பீங்க. பாவம் பாத்து எனக்கு எதுவும் கிடைக்க வேணாம்னு..."

"எதுவும்னா?"

ஜெர்மனிக்காரன் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்கிறவன், இப்போது பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே தூறல் வலுத்தது.

"எதுவும்னா... இன்னாங்க?" என்றாள் மறுபடி. குரல் அவளை அறியாமலே மெலிந்துவிட்டது.

"நீங்க" என்றான் பரணி. சொல்லிவிட்டு, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதுபோல் நேராக அவள் கண்களைப் பார்த்தான். "உங்களை எனக்குப் புடிச்சிருக்குது. ரொம்ப. கடையில சண்டை போட்டப்பவே புடிச்சிருந்துது, ரோஷத்துல ஒத்துக்கல. ஆனா பாவம் பாத்து நீங்க சரின்னு சொன்னா அது எனக்கு வேணாம்."

தீபா தன் வயலின் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவன் முகம் வெளுத்தது. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை குடியாத்தம் வர முடியுமா?"

"எதுக்கு?"

"எங்க அப்பா உங்களைப் பாக்கணுமாம்."

"அப்பாவா...? அவருக்கு என்னை எப்படித் தெரியும்?"

"நான் சொல்லிட்டேன். லுங்கி லோடு ஏத்திக்கினு இருந்தவரை நிறுத்தி வச்சி, எனக்கு ஒருத்தரைப் புடிச்சிருக்குதுப்பான்னு சொன்னேன். ஒரு வாரமா என்னை முறைச்சாரு. நேத்துதான், சரி வரச் சொல்லுன்னாரு."

"ஒரு வாரமாவா? எப்போ சொன்னீங்க?"

"போன வியாழக்கிழமை. உங்க லெட்டரைப் படிச்சிட்டு வீட்டுக்குப் போனதும்." தீபாவின் கண்களில் நீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து நின்றன. "அன்னைக்கு உங்க போஸ்ட்டு போகலை. பாவம் பாக்கறதுக்கு எதுவுமே நடக்கலை."

பரணிதரன் சுருட்டி வைத்த பாயின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.